மாயர்கள் காட்டை அழித்ததால்தான் அழிந்தார்களா?

மாயர்கள் தங்கள் மழைக்காட்டை வெட்டித் தீர்த்தார்கள், அதனால் மண்ணும் மழையும் கைவிட்டன, அதனால் நகரங்கள் பாழாயின என்று பாடநூல்கள் முதல் காணொளிகள் வரை சொல்லப்படுகிறது. இது எந்த அளவுக்கு உண்மை, அமேசான் எரிந்துகொண்டிருக்கும் இக்காலத்தில் அதிலிருந்து நாம் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்பது கேள்வி. காடழிப்பு நடந்தது உண்மை. அது தீங்கு செய்ததும் உண்மை. ஆனால் அதை மட்டும் காரணமாகக் காட்டும் கதை, ஏரி வண்டலும் அகழாய்வும் சொல்வதோடு பொருந்தவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அந்த நிலத்தில் பெருந்தொகையாக வாழ்ந்த மக்கள், தொடக்கத்தில் செய்த சேதத்தைக் கண்டு தங்கள் வேளாண்மையை மாற்றிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரலாறு நமக்குப் பயன்படும்.

முதலில் இடத்தையும் காலத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். மாயர் நாகரிகம் என்பது ஒரே பேரரசு அன்று. இன்றைய குவாத்தமாலாவின் வடபகுதியான பெட்டேன், பெலீஸ், மெக்சிகோவின் யுகாட்டான் தீபகற்பமும் சியாபாஸும், ஹோண்டுராஸின் மேற்கு ஓரம் ஆகிய பகுதிகளில் பரவியிருந்த பல நகர அரசுகளின் தொகுதி அது. கி.பி. 250 முதல் 900 வரையிலான காலத்தைச் செவ்வியல் காலம் என்பார்கள். தெற்குத் தாழ்நிலத்தின் நகரங்கள் கி.பி. 800-க்குப் பிறகு ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கோப்பான் நகரில் 822-ஆம் ஆண்டுக்குரிய பலிபீடம் ஒன்று பாதி செதுக்கிய நிலையிலேயே நிற்கிறது. திக்கால் நகரின் கடைசித் தேதிக் கல் 869-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தோனினா நகரில் 909-க்குப் பிறகு, நாட்களைத் தொடர்ந்து எண்ணிவரும் மாயர்களின் பழைய நாட்காட்டி முறையில் தேதி பொறிக்கப்படவில்லை. ஆனால் வடக்கே சிச்சென் இட்சா அதன் பின்னரும் செழித்திருந்தது. பெட்டேனின் ஏரித் தீவில் இருந்த நோஹ்பெட்டேன் என்ற இட்சா மாயர்களின் தலைநகரம் ஸ்பானியர்களிடம் வீழ்ந்தது 1697-இல்தான். மாய மொழிகளைப் பேசும் பல லட்சம் மக்கள் இன்றும் அதே நாடுகளில் வாழ்கிறார்கள். ஆகவே வீழ்ந்தது ஓர் அரசியல் ஒழுங்கும் அதைச் சார்ந்த நகர வாழ்க்கையும்தான்; மக்களினம் மறைந்துவிடவில்லை.

இனி மண்ணுக்கு வருவோம், ஏனெனில் இந்த வரலாற்றில் மிகவும் வியப்பளிக்கும் சான்று அங்கேதான் கிடைத்திருக்கிறது. பெட்டேனில் சல்பெட்டேன் என்றொரு சிறிய ஏரி இருக்கிறது. அதன் அடியில் துளையிட்டு எடுத்த வண்டல் தூண்களில், கீழேயும் மேலேயும் காட்டுக் காலத்தின் கருமையான, இலைதழை மக்கிய சேறு படிந்திருக்க, இடையில் மட்டும் சில மீட்டர் கனத்துக்கு வெளிறிய களிமண் அடுக்கு ஒன்று காணப்படுகிறது. ஆய்வாளர்கள் அதை மாயக் களிமண் என்றே அழைக்கிறார்கள். சரிவுகளில் மரம் போனபின் மழையில் கரைந்து ஏரிக்கு வந்து சேர்ந்த மேல்மண்தான் அது. நகரங்கள் உச்சத்தில் இருந்த 8-ஆம் நூற்றாண்டில்தான் மிக அதிகமாக மண் அரித்திருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். அதற்கு நேர்மாறாக, கி.மு. 700-க்கும் கி.பி. 250-க்கும் இடைப்பட்ட காலத்தில், மக்கள்தொகை இன்னும் குறைவாக இருந்தபோதே அரிப்பு மிகக் கடுமையாக இருந்தது என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது.

முதலில் வந்த குடியானவர்கள் சில ஆயிரம் பேராக இருந்தாலும், செங்குத்தான சரிவுகளைக் கல் கோடரியாலும் தீயாலும் திறந்துவிட்டார்கள். சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய போர்வையாகக் கிடந்த மண் சில நூற்றாண்டுகளிலேயே பெருமளவு இறங்கிவிட்டது. மழைக்காட்டு மண்ணுக்கு நேரும் கேடு, வெட்டுபவர்களின் எண்ணிக்கையைவிட எங்கே, எப்படி வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று இதிலிருந்து தெரிகிறது. பிற்காலத்தில் அரிப்பு குறைந்ததற்கு, அரிப்பதற்கு மண் மிஞ்சாததும் ஒரு காரணமாக இருக்கலாம். மண்ணைக் காக்கும் முறைகள் பரவியதும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டுமே நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

மண்ணைக் காக்கும் முறைகள் பரவியதற்கு இப்போது வலுவான சான்றுகள் உண்டு. விமானத்திலிருந்து லேசர் கதிர்களைச் செலுத்தி, மரக்கூரைக்குக் கீழே உள்ள தரையின் வடிவத்தைப் பதிவுசெய்யும் லைடார் முறை 2009-இல் பெலீஸின் கராகோல் நகரில் பயன்படுத்தப்பட்டபோது, ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மலைச்சரிவுகள் படிக்கட்டு வயல்களாக வெட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. 2018-இல் பெட்டேனில் 2,100 சதுர கிலோமீட்டருக்கும் மேல் நடத்திய அளவாய்வில் 60,000-க்கும் அதிகமான கட்டுமானங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. மத்தியத் தாழ்நிலத்தில் செவ்வியல் காலத்தின் பிற்பகுதியில் 70 லட்சம் முதல் 1 கோடியே 10 லட்சம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று அந்தக் குழு மதிப்பிட்டது. இவ்வளவு பேருக்கும் காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பலில் விதைத்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் அடுத்த இடத்துக்கு நகரும் மில்பா முறை மட்டும் சோறு போட்டிருக்க முடியாது. நிலம் பல ஆண்டுகள் ஓய்வில் கிடந்தால்தான் அந்த முறை கெடுதல் செய்யாது. ஆள்தொகை பெருகும்போது ஓய்வுக் காலம் சுருங்கும், களையும் புல்லும் ஏறும், விளைச்சல் விழும்.

ஆகவே மாயர்கள் பல முறைகளைக் கலந்து கையாண்டார்கள். மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒன்றாக ஊடுபயிராக விதைத்தார்கள். பெலீஸின் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி, வெட்டிய சேற்றை இருபுறமும் ஏற்றி, மேட்டுப்பாத்தி அமைத்தார்கள். வாய்க்காலில் நீர் வடிந்தது, ஆண்டுதோறும் அதன் சேறே உரமாகத் திரும்பியது. வீட்டைச் சுற்றிப் பழமரங்களையும் பயன்மரங்களையும் வளர்த்தார்கள். இன்று அந்தக் காட்டில் சப்போட்டா, ரமோன், வெண்ணெய்ப்பழம் போன்ற மனிதனுக்குப் பயன்படும் மரங்கள் எதிர்பார்ப்பதைவிட அடர்த்தியாக நிற்பதற்கு, அந்தத் தோட்டங்களின் தொடர்ச்சியும் ஒரு காரணம் என்று பல தாவர ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கன்னிக்காடு என்று நாம் நினைக்கும் பெட்டேன் காடு, பெருமளவுக்கு மனிதக் கை பட்ட காடுதான்.

அப்படியானால் எங்கே தவறியது? ஒரு பகுதி விடை, வயலுக்காக அல்லாமல் கட்டடத்துக்காக வெட்டிய மரங்களில் இருக்கிறது. மாயர்களின் கோயில்கள், அரண்மனைகள், சதுக்கங்கள், சாலைகள், குளங்களின் உட்சுவர்கள் எல்லாம் சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டவை. சுண்ணாம்புக் கல் சுண்ணாம்பாக மாற 800 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வேக வேண்டும். நம்மூர்ச் சுண்ணாம்புக் காளவாய் போல வெப்பத்தை உள்ளே அடக்கிவைக்கும் மூடிய சூளைகள் சில இடங்களில் இருந்தாலும், பெரும்பாலும் பச்சை மரங்களை வட்டமாக அடுக்கி, அதன் மேல் கல்லைக் குவித்து, திறந்தவெளியில் எரித்தார்கள். கிடைக்கும் சுண்ணாம்பைப் போலப் பல மடங்கு எடையுள்ள விறகு அதற்குச் செலவானது. கி.பி. 150 அளவில் கைவிடப்பட்ட எல் மிரடோர் என்ற பெருநகரத்தில், காலம் போகப்போகச் சாந்தின் கனம் கூடிக்கொண்டே போனதைப் பார்த்த அகழாய்வாளர்கள், தேவைக்கு மேல் பகட்டுக்காகக் காடு எரிந்தது என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

மரத்தின் கதையை இன்னும் நெருக்கமாகத் திக்காலில் பார்க்கலாம். அங்குள்ள கோயில்களின் வாயில்களுக்கு மேலே கல்லைத் தாங்கும் உத்தரங்கள் மரத்தால் ஆனவை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் ஆகியும் பல உத்தரங்கள் உளுத்துப்போகாமல் இருந்தன. நம் தோட்டங்களில் பழத்துக்காக நடும் அதே சப்போட்டா மரம்தான் அது. அதன் தாயகம் இந்தக் காடுகள். வைரம் பாய்ந்த, நெடிய, நேரான சப்போட்டா மரங்களையே திக்கால் தச்சர்கள் முதலில் பயன்படுத்தினார்கள். 8-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, சதுப்பு நிலத்தில் வளரும், முண்டும் முடிச்சுமான, செதுக்குவதற்குக் கடினமான சாயமரம் ஒன்றுக்கு மாறினார்கள். 810 அளவில் சப்போட்டா திரும்ப வந்தது. ஆனால் உத்தரங்கள் மிகவும் மெலிந்துவிட்டன. முதிர்ந்த மரங்கள் நிற்கும் காடு நகருக்கு எட்டும் தொலைவில் தீர்ந்துபோனதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் வேண்டியதில்லை. அதே வேளையில், அதுவரை அந்த மரங்கள் நின்றிருக்கின்றன என்பதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. பல நூற்றாண்டுகளாகப் பல்லாயிரம் பேர் வாழ்ந்த ஒரு நகரத்தின் அருகே, யாரோ அந்த முதுமரத் தோப்புகளைக் காத்துவந்திருக்கிறார்கள். அவற்றின் மேல் கைவைத்தது மாபெரும் கோயில்கள் எழுந்த காலத்தில். அவற்றில் மிக உயர்ந்ததான நான்காம் கோயில் ஏறத்தாழ 65 மீட்டர் உயரம்.

ஆனால் திக்காலுக்குப் பொருந்துவது எல்லா நகரங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கோப்பான் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1980-களில் அங்கிருந்த ஒரு சிறு குளத்தின் வண்டலில் மகரந்தத் துகள்களை எண்ணியவர்கள், மலைச்சரிவின் பைன் மரங்களை விறகுக்காக வெட்டியதே அந்நகரின் முடிவுக்குக் காரணம் என்று எழுதினார்கள். மாயர்களைப் பற்றிய பொதுநம்பிக்கைக்குப் பெரிய அடித்தளம் அமைத்தது அந்த வாதம்தான். அதே குளத்திலிருந்து இன்னும் நீளமான வண்டல் தூணை எடுத்து ஆராய்ந்த வேறொரு குழு 2010-இல் மாறான விடையைத் தந்தது: காடு மிகக் குறைந்திருந்தது கி.மு. 900 அளவிலும் கி.பி. 400 அளவிலும், 400-க்கும் 900-க்கும் இடையே, நகரம் பெருகிக்கொண்டிருந்த காலத்திலேயே, மரங்கள் கூடியிருக்கின்றன. அறிவியல் இப்படித்தான் நகரும். ஆனால் பழைய முடிவு கவர்ச்சியானது என்பதால் அதுவே இன்னும் மேடைகளில் ஒலிக்கிறது.

மழைக்கு வருவோம். தெற்குத் தாழ்நிலம் ஆண்டின் சில மாதங்கள் மழையில் நனைந்து, மீதி மாதங்கள் வறண்டு கிடக்கும் நிலம். சுண்ணாம்புப் பாறை என்பதால் பெய்த நீர் கீழே இறங்கிவிடும். திக்காலில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. நிலத்தடி நீர் கல் கருவிகளுக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. ஆகவே சாந்து பூசிய சதுக்கங்களையே நீர்ப்பிடிப்புப் பரப்பாக்கி, மழைநீரைக் குளங்களில் தேக்கினார்கள். ஒரு குளத்தில் குவார்ட்ஸ் மணலும் சியோலைட் என்ற கனிமமும் கலந்த வடிகட்டி இருந்ததற்கான தடயங்கள் 2020-இல் வெளியாயின. சியோலைட்டைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்திருக்கும். அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, அரண்மனையை ஒட்டியும் பெருங்கோயிலை ஒட்டியும் இருந்த குளங்களின் அடிவண்டலில் பாதரசமும், நச்சு உமிழும் நீலப்பச்சைப் பாசியின் தடயமும் இருப்பதைக் காட்டியது. சுவர்களிலும் பாத்திரங்களிலும் பூசிய சிவப்புச் சாயமான சிந்தூரக் கல்லிலிருந்து பாதரசம் மழையில் கரைந்து வந்திருக்கிறது. சமையல் கழிவு பாசிக்கு உணவாகியிருக்கிறது. வறட்சிக் காலத்தில் குளம் சுருங்கும்போது நஞ்சு அடர்ந்திருக்கும்.

அந்த வறட்சி உண்மையில் வந்தது. யுகாட்டானின் சிச்சன்கனாப் ஏரியில், நீர் வற்றும்போது படியும் ஜிப்சம் அடுக்குகள், செவ்வியல் காலத்தின் முடிவில் கடும் வறட்சி நிலவியதை 1995-இலேயே காட்டின. அதே ஜிப்சத்துக்குள் சிறைப்பட்ட நீரை 2018-இல் ஆராய்ந்தபோது, ஆண்டு மழையளவு சராசரியாக 41 முதல் 54 சதவீதம் வரை குறைந்திருந்தது தெரிந்தது. வெனிசுவேலாக் கரையோரக் கடலடி வண்டலும், பெலீஸ், யுகாட்டான் குகைகளில் நீர் சொட்டிச் சொட்டி வளர்ந்த சுண்ணக் கூம்புகளும் அதே நூற்றாண்டுகளைத்தான் சுட்டுகின்றன. யுகாட்டான் குகை ஒன்றின் கூம்பை ஆண்டுவாரியாகப் படித்த ஆய்வு, 871-க்கும் 1021-க்கும் இடையே மழைக்கால வறட்சி மூன்றாண்டுகளோ அதற்கு மேலோ நீடித்தது எட்டு முறை என்றும், அவற்றில் ஒன்று 13 ஆண்டுகள் தொடர்ந்தது என்றும் 2025-இல் சொன்னது.

காடழிப்புக்கும் இந்த வறட்சிக்கும் உள்ள உறவுதான் கேள்வியின் மையம். பசுங்காடு வேரால் நீரை உறிஞ்சி இலை வழியே காற்றுக்குத் திருப்பித் தருகிறது. அந்த ஈரமே மறுபடி மேகமாகிறது. காட்டை வெட்டி மக்காச்சோளமோ புல்லோ ஏறும்போது, அந்த நிலம் சூரிய ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும், நீராவியைக் குறைவாகத் தரும். மேகம் திரள்வதும் குறையும். மாயர் நிலத்தில் நடந்த காடழிப்பைக் கணினி மாதிரியில் புகுத்திப் பார்த்த 2012-ஆம் ஆண்டு ஆய்வு, அதனால் மட்டுமே ஆண்டு மழை 5 முதல் 15 சதவீதம் வரை குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டது. பெருவறட்சியை மாயர்கள் உண்டாக்கவில்லை; கடலின் வெப்பநிலையும் காற்று மண்டலத்தின் நகர்வும் கொண்டுவந்த வறட்சி அது. ஆனால் அது வந்தபோது அதைத் தாங்கும் வலுவை நிலம் முன்கூட்டியே இழந்திருந்தது. நல்ல மழை ஆண்டுகளில் எவருக்கும் தெரியாத அந்தக் குறை, மழை பொய்த்த முதல் பத்தாண்டில் வெளிப்பட்டிருக்கும்.

வறட்சி மட்டும் போதுமான விளக்கம் ஆகாது என்பதற்கும் வலுவான காரணம் உண்டு. இயல்பாகவே மழை குறைந்த பகுதி வடக்கு. அதிகம் பெற்ற பகுதி தெற்கு. இருந்தும் முதலில் காலியானது தெற்குதான். வடக்கில் செனோட்டே எனப்படும் இயற்கைக் கிணறுகள் வழியே நிலத்தடி நீரை எட்ட முடிந்தது ஒரு காரணம். தெற்கின் அரசியல் மற்றொரு காரணம். மழையை வரவழைப்பது மன்னனின் சடங்குக் கடமை என்று நம்பிய சமூகத்தில், மழை தவறிய ஒவ்வோர் ஆண்டும் அரசனின் மதிப்பை அரித்திருக்கும். திக்காலும் காலக்முல்லும் தம் கூட்டாளி நகரங்களைச் சேர்த்துக்கொண்டு 6-ஆம், 7-ஆம் நூற்றாண்டுகளில் நடத்திய நெடும்பகைக்குப் பிறகு, சிறு அரசுகள் தம்முள் மோதிக்கொண்டன. பெட்டேனின் தென்மேற்கில் உள்ள அகுவதேகா நகரம் 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாக்கப்பட்டு எரிந்தபோது, மேட்டுக்குடியினரின் வீடுகளில் கருவிகளும் பாத்திரங்களும் விட்டது விட்டபடி கிடந்ததை அகழாய்வு காட்டியது. போர் நடக்கும் நாட்டில் தொலைவயலுக்குப் போய்ப் பயிரிட முடியாது. மக்கள் மதிலுக்குள் ஒடுங்க, அருகில் உள்ள நிலமே திரும்பத் திரும்ப உழைக்க வேண்டியிருக்கும். காடழிப்பு, வறட்சி, போர், அரசர்களின் கட்டடப் போட்டி ஆகியவற்றைத் தனித்தனிக் காரணங்களாகப் பட்டியலிடுவதைவிட, ஒன்று மற்றொன்றை எப்படி மோசமாக்கியது என்று பார்ப்பதே சரியான வழி என்று நான் நினைக்கிறேன்.

மக்கள் போன பிறகு காடு திரும்பியது. பெட்டேன் இட்சா ஏரியின் வண்டலைப் படித்தவர்கள், நகர அரசுகள் சிதைந்த பின் 80 முதல் 260 ஆண்டுகளுக்குள் காடு மீண்டது என்றும், மண் நிலைபெற 120 முதல் 280 ஆண்டுகள் வரை ஆனது என்றும் கணித்திருக்கிறார்கள். இதைக் காட்டி, "காடு எப்படியும் வளர்ந்துவிடும்" என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் கவனிக்கத் தவறுவது இரண்டு. மரம் திரும்பினாலும், ஆழத்தில் நெடுங்காலம் தங்கிக் கிடக்கும் மண் கரிமம் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை என்று 2018-இல் ஓர் ஆய்வு நிறுவியது. ஆயிரம் ஆண்டு போதவில்லை. மற்றொன்று பாஸ்பரஸ். சுண்ணாம்புப் பாறையில் அது குறைவு. சகாரா வரையிலான தொலைதூரங்களிலிருந்து காற்றில் வரும் தூசியை உயர்ந்த மரங்களின் இலைகள் வடித்துப் பிடித்து, மழையோடு தரைக்கு இறக்குவதால்தான் அந்த மண்ணுக்கு அது சிறுகச் சிறுகச் சேர்கிறது. மரக்கூரையை மீண்டும் மீண்டும் அகற்றினால், இருப்பதும் அரிப்பில் போகும், வருவதும் நின்றுவிடும்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். மாயர்களிடம் இரும்பும் இல்லை, உழவு மாடும் இல்லை. அமேசானில் இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கனத்த கப்பல் சங்கிலியைக் கட்டி இழுத்தால், அது தன் பாதையில் உள்ள அனைத்தையும் வேரோடு சாய்த்துவிடும். ஒரு மாயக் கிராமம் ஒரு தலைமுறையில் திறந்த நிலத்தைச் சில நாட்களில் திறந்துவிடலாம். 2024-ஆம் ஆண்டில் மட்டும் வெப்பமண்டல முதன்மைக் காடுகளில் ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர் இழந்தோம். இந்தக் கணக்கு தொடங்கிய 2002-க்குப் பிறகு இவ்வளவு பெரிய இழப்பு வந்ததில்லை, அதில் ஏறத்தாழ பாதிக்குத் தீயே காரணம். மழைக்காடு இயல்பாகத் தீப்பிடிக்காத ஈரக்காடு. சுற்றிலும் வெட்டி, ஓரங்கள் காய்ந்து, வறட்சியும் சேர்ந்தால்தான் அது எரியும்.

மாயர் நிலத்தில் 5 முதல் 15 சதவீதம் என்று கணினி சொன்ன அதே விளைவு, அமேசானில் இன்னும் பெரிய அளவில் வேலை செய்கிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரம் மழையாகப் பெய்து, மரங்கள் வழியே காற்றுக்கு ஏறி, மேற்கே இன்னும் உள்ளே மறுபடி பெய்கிறது. அமேசான் மழையில் ஏறத்தாழ பாதி இப்படிக் காடே திருப்பித் தந்தது என்பதை பிரேசில் அறிவியலாளர் எனேயாஸ் சலாட்டி 1970-களில் நீரின் ஐசோடோப்புகளைக் கொண்டு காட்டினார். காட்டில் 20 முதல் 25 சதவீதம் போய்விட்டால் கிழக்கு, தெற்கு, மத்திய அமேசானில் இந்தச் சுழற்சி அறுந்து, பெரும்பகுதி புதர்நிலமாக மாறும் அபாயம் உண்டு என்று அறிவியலாளர்கள் தாமஸ் லவ்ஜாயும் கார்லோஸ் நோப்ரேயும் 2018-இல் எச்சரித்தார்கள்; அப்போதே ஏறத்தாழ 17 சதவீதம் போயிருந்தது. மனாவுஸ் நகரில் நெக்ரோ ஆற்றின் நீர்மட்டம், 1902 முதல் உள்ள பதிவுகளில் காணாத அளவுக்கு 2023 அக்டோபரிலும், அதையும் தாண்டி 2024 அக்டோபரிலும் தாழ்ந்தது. இந்த வறட்சிகளைக் காடழிப்பு மட்டும் கொண்டுவரவில்லை; புவி வெப்பமாதலும் எல் நினோவும் பின்னால் இருந்தன. மாயர்களுக்கு நேர்ந்ததும் இந்த வரிசையில்தான்: வெளியிலிருந்து வந்த வறட்சி, உள்ளே ஏற்கெனவே மெலிந்த காடு.

ஆனால் ஒரு வேறுபாட்டை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். திக்காலின் உழவர்கள் தங்கள் சோற்றுக்காகவும் தங்கள் அரசனின் கோயிலுக்காகவும் வெட்டினார்கள். விளைவு அவர்கள் தலையிலேயே விடிந்தது. இன்று அமேசானில் வெட்டும் நிலத்தில் மிகப் பெரும்பகுதி மாட்டுப் புல்வெளி. இறைச்சியை உண்பவரும், நிலத்தின் விலை ஏறும் என்று வளைத்துப் போடுபவரும், மழை குறையும் ஊரில் இருப்பதில்லை. அதனால்தான், மக்கள் தாமாகவே கண்டு திருந்துவார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. அரசின் கை வேண்டும். அது வேலை செய்யும் என்பதற்கு பிரேசிலே சான்று. 2004-இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த அமேசான் காடழிப்பு, மரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது தொடங்கிய உடனடிச் செயற்கைக்கோள் கண்காணிப்பு, புதிய காப்பகங்கள், கடன் கட்டுப்பாடு, புதிதாகக் காடழித்த நிலத்தின் சோயாவை வாங்குவதில்லை என்று 2006-இல் வணிகர்கள் ஏற்ற தடை ஆகியவற்றால் 2012-இல் 4,571 சதுர கிலோமீட்டராக இறங்கியது. கண்காணிப்பு தளர்ந்ததும் 2021-இல் 13,038-க்கு ஏறியது. அவர் மீண்டும் அமைச்சரான பின் 2024-இல் 6,300-க்குச் சற்றுக் கீழே வந்தது. காடு ஒரே காடு, சந்தையும் ஏறக்குறைய அதே சந்தை, மாறியது நிர்வாகம்.

இந்தப் பாடத்தின் மிகத் தெளிவான வடிவம் மாயர்களின் சொந்த நிலத்திலேயே இப்போது நடந்துகொண்டிருக்கிறது. 1990-இல் குவாத்தமாலா அரசு பெட்டேனின் வடபகுதியில் ஏறத்தாழ 21 லட்சம் ஹெக்டேரை மாயா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஒரு பகுதி, மனிதர் எதையும் எடுக்கக் கூடாத தேசியப் பூங்காக்கள். மற்றொரு பகுதியில் உள்ளூர்ச் சமூகங்களுக்கு 25 ஆண்டு வன உரிமம். 1990-களின் நடுவில் தொடங்கிய அந்த உரிமங்களைப் பெற்ற கிராமங்கள் அகோஃபோப் என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு கூறில் மட்டும், ஹெக்டேருக்கு ஓரிரண்டு மஹோகனி மரங்களைக் கணக்கெடுத்து வெட்டுகிறார்கள். அலங்காரத்துக்கு ஏற்றுமதியாகும் ஷாத்தே என்ற சிறு பனைவகையின் இலையைப் பறிக்கிறார்கள். ரமோன் கொட்டையை மாவாக்குகிறார்கள். சூயிங்கத்துக்காகச் சப்போட்டா மரத்தின் பட்டையில் கோணல்மாணலாகக் கீறி, வடியும் பாலைப் பையில் பிடிக்கிறார்கள். அந்தக் கீறல் ஆற மரத்துக்குச் சில ஆண்டுகள் ஓய்வு தர வேண்டும், இல்லையேல் மரம் பட்டுப்போகும் என்பது பால் எடுப்பவர்களுக்குத் தந்தையர் காலத்திலிருந்தே தெரியும்.

முழுப் பாதுகாப்பு என்று காகிதத்தில் எழுதப்பட்ட லகுனா தெல் திக்ரே பூங்காவோ, போதைப்பொருள் பணத்தை வெளுக்க வந்த கால்நடைப் பண்ணைகளால் கணிசமான பகுதி புல்வெளியாகிவிட்டது. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் அந்தப் பண்ணைகள் பழுப்பாகவும் உரிமம் பெற்ற காடுகள் பச்சையாகவும் தெரியும். உரிமம் பெற்ற எல்லாக் கிராமங்களும் வென்றுவிட்டன என்று சொல்ல மாட்டேன். பண்ணைக்காரர்களுக்கு நிலத்தை விட்டுக்கொடுத்ததால் சில உரிமங்கள் ரத்தாயின. தாங்கி நின்றவை, கார்மெலிட்டா, வாஷாக்துன் போல, காட்டிலிருந்து பிழைக்கும் தொழில் முன்பே வேரூன்றியிருந்த ஊர்கள். வாஷாக்துன் மக்கள் வீடுகளுக்கு நடுவிலேயே பழைய மாயக் கோயில்கள் நிற்கின்றன. கார்மெலிட்டாவின் உரிமம் 2019-இல் மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அதைப் பெறுவதற்கு அந்த ஊர் மக்கள் தங்கள் காட்டுக் கணக்கையும், வெட்டிய மரங்களின் பதிவையும், தீத்தடுப்புக்கு ஒவ்வொரு கோடையிலும் தாங்களே சுத்தம் செய்த எல்லைப் பாதைகளையும் அதிகாரிகள் முன் வைக்க வேண்டியிருந்தது. 25 ஆண்டுகளுக்குப் பிறகும் அதையேதான் வைக்க வேண்டியிருக்கும்.